பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிடி நேரம்

மாசி பிறந்துவிட்டாலே எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு தனி வாசனை அடிக்கும். மல்லிச் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருப்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் மிளகாய்ப் பழம் செக்கச்செவேல் என்று காயும். வேப்ப மரம் பழுத்த இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத் தாமிர நிறத்தில் கொழுந்து விடும். பங்குனியில் பூவாய்ப் பூத்துக் கொட்டும். இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். ஆனால் எங்கள் பக்கத்தில் சித்திரை வந்தால் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். எங்களுக்கு வசந்தம் என்றால் அது மாசியும் பங்குனியும்தான்.

தொடக்கப் பள்ளிக்கும் அதுதான் வசந்த காலம். ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்புவது என்று எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் வந்து குவியும். காட்டு வேலை நெருக்குவதும் இதே இரண்டு மாதத்தில்தான். பருத்தி எடுக்கணும், மல்லி பிடுங்கணும், மிளகாய்ப் பழம் எடுக்கணும். பெற்றவள் காட்டுக்குப் போவாளா, பள்ளிக்கூடத்துக்குப் போவாளா? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் நாங்கள் தட்டுத் தடுமாறி ஒரு வழி கண்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூட்டிய கேட்டுக்கு வெளியே

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. என் இளைய மகள் அப்போது நான்காம் வகுப்பு. நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினர். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாற்பது சொச்சம் பிள்ளைகள், இரண்டே டீச்சர்கள். ஆண்டு விழாவை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு வைத்தோம். மைக்செட், பந்தல், கலர் பேப்பர், எல்லாம் பிரமாதம். ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு வந்திருந்த தாய்மார்கள் ஒன்பதே பேர்!

மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி கோலாட்டத்தில் ஆடினாள். அம்மாவின் ரவிக்கையை ஊசி குத்திச் சுருக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கை கோலைத் தட்டுகிறது, கண் மட்டும் வாசலையே பார்க்கிறது. பிறகு பரிசு கொடுக்கும்போது, "அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேடைக்கு வாங்க" என்று மைக்கில் சொன்னார்கள். அந்தக் குழந்தை மேடைக்கு வரவே இல்லை. தேடிப் போனால் வேப்ப மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கோலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவளுக்கு அக்கறை இருந்தா ஒரு நா வேலையை விட்டுட்டு வரமாட்டாளா?" என்று நாங்கள் குழுப் பெண்கள் பேசிக்கொண்டோம். ஒளிப்பானேன், முதலில் அப்படிச் சொன்னது நான்தான்.

பொழுது சாய்ந்து ஆறரை மணி இருக்கும். தண்ணீர்க் குடத்தோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டி வருகிறேன், பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அந்தக் குழந்தையின் தாய். காட்டில் இருந்து நேராக வந்திருக்கிறாள். மிளகாய் நெடி மூக்கில் ஏறுகிறது.

"விழா அப்பவே முடிஞ்சிருச்சே ஆத்தா. இங்க என்ன செய்யுற?" என்றேன்.

"முடிஞ்சிருக்கும்னு தெரியும் மதினி. எம் பிள்ளை ஆடுன எடத்தையாவது பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள்.

எனக்கு இடுப்புக் குடம் கனத்தது. "அரை நாள் கேட்டுட்டு வந்திருக்கலாமே" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"அரை நாள்ல காட்டை விட்டு ஏறுனா மறுநா வேலைக்குக் கூப்பிட மாட்டாக மதினி. பழம் எடுக்குறது இன்னும் இருபது நாளைக்குத்தான். அதை வச்சுத்தான் வருசத்து அரிசி கடனை அடைக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அக்கறை இல்லை என்று சொன்ன வாய் என் வாய்தானே! அவள் வரவில்லை என்பது நிஜம். அவள் வர முடியாத நேரத்தில் விழாவை வைத்தவர்கள் நாங்கள் என்பதும் நிஜம்.

ஒரு பிடி அரிசி கட்டிய பள்ளிக்கூடம்

நம் விருதுநகர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. விருதுநகரில் உள்ள சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தோன்றியது. அதை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டுக்கு வீடு தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்களாம். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்துப் பணமாக்கிப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிட்டார்கள். உலை வைப்பது யார்? பெண்கள்தானே! கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனாலும் அந்தப் பள்ளியைத் தாங்கியதில் அவர்கள் கை பெரிய கை. 1903-ல் பிறந்த காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

அப்படிப் படித்த பிள்ளை, முதலமைச்சரான பிறகு 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடங்கிய இடம் எட்டயபுரம், எங்களுக்குத் தெற்கே பக்கத்துக் கரிசல் சீமைதான். தொடக்கத்தில் ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையும் அந்தச் சோற்றில் சேர்ந்திருந்தது. அப்போது கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். 1958-ல் கடம்பத்தூரில் ஆரம்பித்து ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு மணி, பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று ஊரே முன்வந்து கொடுத்தது. எங்கள் பாட்டி காலத்துப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தை "நம்ம பள்ளிக்கூடம்" என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அதைச் சமைக்க மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து ஆள் எடுத்தபோது, அதே பள்ளியில் தன் குழந்தை படிக்கும் தாயாகப் பார்த்து எடுத்தார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! தன் பிள்ளை சாப்பிடும் உப்புமாவில் எவள் உப்பைக் கூடப் போடுவாள்?

இன்றைக்குப் பள்ளிக்கூடம் நம்மிடம் அரிசி கேட்கவில்லை. சோறு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, சீருடை இருக்கிறது. அது கேட்பது நேரம். ஒரு பிடி நேரம். அந்தக் காலத்தில் பிடி அரிசியை வீட்டு வாசலுக்கு வந்துதான் வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் மட்டும் மத்தியானம் 3 மணிக்கு எல்லாரும் கொண்டு வந்து கொட்டவேண்டும் என்று உட்கார்ந்திருந்தோம்!

பொழுது சாய்ந்த பிறகு விழா

அடுத்த வருஷம் குழுக் கூட்டத்தில், "விழாவைச் சாயங்காலம் ஆறரைக்கு வைப்போம்" என்று சொன்னேன். உடனே ஆயிரம் இடைஞ்சல் கிளம்பியது. டீச்சர்கள் அருப்புக்கோட்டையில் இருந்து வருகிறவர்கள். கடைசி பஸ்ஸை விட்டால் எப்படிப் போவார்கள்? இருட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பது? விளக்குக்கு என்ன செய்வது?

ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். டீச்சர்களைக் கொண்டுபோய் விட ஊரில் ஆட்டோ வைத்திருக்கும் தம்பி ஒப்புக்கொண்டார். குழுவில் இருந்து ஒரு பெண் துணைக்குப் போவது என்று பேசினோம். பந்தல் போடுகிறவரிடம் சொல்லி நாலு விளக்குக் கூடுதலாகக் கட்டினோம். பிள்ளைகளை வகுப்பு வாரியாக நாலு பாட்டிமார்களிடம் ஒப்படைத்தோம். பாட்டிகள் அதட்டினால் எந்தப் பிள்ளை நகரும்! பழக் காடு வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரை நேரில் பார்த்து, "அன்னைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி வேலையை முடிச்சுக்கிடுங்க. வெள்ளனே வந்து இறங்கிடுவாக" என்று கேட்டோம். இருவர் சரி என்றார்கள். ஒருவர் முடியாது என்றார். அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

அன்றைக்குத் தாய்மார்கள் குளிக்கக்கூட இல்லாமல், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தார்கள். தலையில் பருத்திப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தல் முழுக்க மிளகாய் நெடியில் தும்மல்! அப்பாமார்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். அதில் ஒருவர் நிதானம் இழந்து சத்தம் போட்டு, இரண்டு பேர் அழைத்துக்கொண்டு போய்விட்டு வந்தார்கள். எல்லாம் அமர்க்களமாக, குறையே இல்லாமல் நடந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

கடைசியில் பெரிய பெண்களைக் கும்மி கொட்ட அழைத்தோம். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு எழுபது வயது ஆச்சி ஒருவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாரோ இல்லையோ, இருபது பேர் கூடிவிட்டார்கள். டீச்சர்களுக்கே தெரியாத பாட்டெல்லாம் வந்தது. படிக்கத் தெரியாதவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தவள், தன் பிள்ளை முன்னால் அன்று ஒன்றைச் "சொல்லிக் கொடுத்தாள்". அதைப் பார்த்த அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்காது.

அந்தக் கோலாட்டக்காரி நான்காம் வகுப்புக்கு வந்திருந்தாள். இந்த முறை அவள் வாசலைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அம்மாதான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாளே!

கையெழுத்து மட்டும் போதுமா?

பள்ளி மேலாண்மைக் குழு என்பது யாரோ தயவில் கொடுத்த பதவி இல்லை, சகோதரிகளே. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் கொடுத்த உரிமை. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி நடப்பதைக் கவனிப்பது, இதெல்லாம் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது.

ஆனால் முதலில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நோட்டை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். "என்ன எழுதியிருக்கு டீச்சர், கொஞ்சம் வாசிங்க" என்று கேட்க ஒரு வருஷம் ஆனது. கேட்ட பிறகுதான் தெரிந்தது, டீச்சருக்கும் அது பிடித்திருந்தது! தனியாகச் சுமந்த சுமையை இன்னொரு ஆள் பிடித்தால் யாருக்குத்தான் கசக்கும்? கை நாட்டு வைக்கும் பெண்களும் உறுப்பினராக இருக்கலாம். படிப்பு ஒரு தடை இல்லை. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாசி, பங்குனியில் என்னென்ன செய்யலாம்?

எங்கள் ஊரில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வேப்பம்பூ சேகரிப்பு: பங்குனியில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பூ நிறைந்திருக்கும். பிள்ளைகள் தூசி நீக்கி நிழலில் உலர்த்துவார்கள். எத்தனை பிடி பூ காய்ந்தால் ஒரு பிடி ஆகிறது என்று டீச்சர் அதிலேயே கணக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். உலர்ந்த பூவை ஆளுக்கு ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம், வருஷப் பிறப்பு அன்று ரசம் வைக்க.

கை கழுவும் தண்ணீரில் தோட்டம்: கண்மாய் வற்றும் காலத்தில் செடிக்குத் தண்ணீர் ஏது? சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். ஒரு அப்பா மண்வெட்டியோடு அரை மணி நேரம் வந்தார், அதுதான் அவருடைய ஒரு பிடி நேரம். முருங்கைப் போத்து இரண்டு நட்டோம், துளிர்த்துவிட்டது. முருங்கைக்கீரை சத்துணவுச் சாம்பாரில் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து.

பாட்டி கதை: காட்டு வேலைக்குப் போக முடியாத பாட்டி, தாத்தாக்கள் ஊரில் சும்மாதானே இருக்கிறார்கள்! வாரத்தில் ஒரு நாள் கடைசி மணி அவர்களுக்கு. கதை, விடுகதை, பழைய பஞ்ச காலத்துச் செய்தி, எந்த மண்ணில் எது விளையும் என்று எதுவும் சொல்லலாம். திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷியும் அங்கேதான் முதலில் எழுத்துப் படித்தார் என்று ஒரு தாத்தா சொன்னபோது, "நம்ம பக்கத்து ஊர்லயா!" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

சேர்க்கை: 2024, 2025 ஆண்டுகளில் மார்ச் 1 அன்றே அரசுப் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கியது. ஐந்து வயது நிறைந்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று டீச்சரைவிட நமக்குத்தான் தெரியும். பிள்ளை குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கே ஆபத்து. குழுப் பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பேசினோம். "பொறப்புச் சான்று இல்லையே" என்று தயங்கினவர்களுக்கு, அது இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று சட்டமே சொல்வதை எடுத்துச் சொன்னோம். சான்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வரவே முடியாத தாய்க்கு: ராத்திரி அடுப்பு வேலை செய்துகொண்டே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாக? நீ என்ன கேட்ட?" என்று கேளுங்கள். வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பிள்ளை திக்குகிறதா, சரளமாகப் போகிறதா என்று காது சொல்லிவிடும். இதுவும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற ஒரு பிடிதான்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

விழா ஒத்திகையைக் காலை வெயில் ஏறுமுன் அல்லது சாயங்காலம் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை தலைவலி, மயக்கம், வாந்தி என்று சொன்னால் உடனே நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சி ஆறின தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலை தட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். உப்பைக் கூட்டிவிடாதீர்கள், அது கெடுதல். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தை விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பங்குனி என்றால் நம் பக்கத்தில் மாரியம்மன் பொங்கல். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பெரிய திருவிழா. அம்மை வருவதும் இந்த நாட்களில்தான். "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை செருகி, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் மரியாதை இருக்கட்டும். அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது, ஆண்டு விழாவாகவே இருந்தாலும் சரி. முத்துப் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும் என்பதால், ஒரு பிள்ளைக்கு வந்தால் டீச்சரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது. முன்பு அம்மை வராத கர்ப்பிணிகள் கிட்டே போகாமல் இருப்பது நல்லது.

இந்த வருஷம் என் மகளும் அந்தப் பள்ளியில் இல்லை, நானும் குழுவில் இல்லை. அந்தக் கோலாட்டக்காரியின் அம்மா குழுவில் இருந்தபோது ஒரு நாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மதினி, நோட்டை முழுசா வாசிக்கச் சொல்லிட்டுத்தான் நான் கை நாட்டு வைக்கிறது." அப்புறம் சிரித்துக்கொண்டே, "எம் மக இப்ப எனக்கு எம் பேரை எழுதப் பழக்கிக்கிட்டு இருக்கா" என்றாள்.

உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார்களே, அந்த வீடுகளில் அதனால் யாரும் பட்டினி கிடந்ததில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள். நேரம் சரிப்படவில்லை என்றால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்!